பெயருக்குக் கீழே ஒரு வரி

தம்பி,

நலமா என்று கேட்கவில்லை. காலையில் போனில் நீ இருமியதிலேயே தெரிந்துகொண்டேன், வெந்நீர் குடி. இதையும் போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் நான் வாய் திறப்பதற்குள் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் துண்டிக்க முடியாது. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கையெழுத்து புரியவில்லை என்று சாக்குச் சொல்லாதே. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து மருந்து கொடுத்தே ரிட்டையர் ஆன நர்ஸ் நான். அவர்கள் எழுத்துக்கு என் எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

விஷயம் உன் கல்யாணப் பத்திரிகை. இரண்டு வீட்டுக்கும் ஒரே பத்திரிகை என்று பேசி, சிவகாசியில் அச்சடிக்கக் கொடுத்து, புரூஃப் வந்தபோது உன் பெயருக்கு முன்னால் "டாக்டர்" என்று இருந்தது. உனக்கு மாமனார் ஆகப்போகிறவர் சொல்லிப் போட்டது. என்ன செய்ய என்று உன்னிடம் கேட்டேன். "போட்டுத் தொலைங்கம்மா. சொல்லிச் சொல்லி யாருக்கும் புரியல. இனிமே சொல்றதாவும் இல்ல" என்று பதில் போட்டாய். கூடவே இன்னொன்றும் எழுதியிருந்தாய். செயற்கைக் கால் பொருத்துகிற உங்கள் சங்கத்துக்காரர்களோடு சென்னைக்குப் போய் அதிகாரியைப் பார்க்கப் போவதாக இருந்ததையும் விட்டுவிட்டாயாம். கல்யாண வேலை இருக்கிறதாம். கல்யாணம் ஆவணியில். பந்தலும் பந்தியும் எங்கள் பாடு. உனக்கு என்ன வேலை, குளித்துவிட்டு வந்து மணையில் உட்காருவதுதானே.

நான் அதைப் போட்டுத் தொலைக்கவில்லை. அச்சகத்துக்குப் போன் போட்டு நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டேன். உன் அப்பாவுக்கு என் மேல் கோபம். "போட்டா என்ன கெட்டுப்போச்சு? வாசிக்கிறவன் சர்ட்டிபிகேட்டாக் கேக்கப் போறான்?" என்று பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். அவருக்கு ஊர் முழுக்கச் சுமுகமாக இருக்க வேண்டும். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் இந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு பத்திரிகையில் இப்படி நடந்திருக்கிறது.

எங்கள் கல்யாணப் பத்திரிகை பீரோவில் இருக்கிறது, நீ பார்த்திருப்பாய். அதில் என் பெயருக்குக் கீழே ஒன்றுமே இருக்காது. நான் அப்போதே வேலையில் இருந்தவள். நர்ஸ் என்று போட்டால் மரியாதை இல்லை என்று உன் தாத்தா, அதான் என் மாமனார், எடுக்கச் சொல்லிவிட்டார். ராத்திரி டியூட்டி பார்க்கிறவள், கண்டவர் புண்ணைத் தொடுகிறவள் என்றெல்லாம் பேசிய காலம் அது. சொந்தக்காரர்களிடம் மருமகள் டீச்சர் என்று சொல்லிவைத்திருந்தார்கள். ராஜபாளையம் மண்டபத்தில் ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு "எந்தப் பள்ளிக்கூடத்துலத்தா?" என்று கேட்டாள். நான் குனிந்துகொண்டேன். புதுப்பெண்ணுக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டாள். எனக்கு வந்தது வெட்கமில்லை, எரிச்சல். முந்தின வாரம்தான் ஒரு தலைப்பிரசவத்தில் தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைத்த கூட்டத்தில் நானும் நின்றிருந்தேன். அதைச் சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் இல்லை.

இன்றைக்கு அதே ராஜபாளையத்தில், அதே சொந்தத்தில், நர்சிங் படித்த பெண் இருக்கிறாளா என்று என்னிடமே கேட்டு வருகிறார்கள். ஜனங்கள் மனசு தானாகத் திருந்திவிட்டது என்று நினைத்துவிடாதே. படிப்புக்குக் கவுன்சில் என்று ஒன்று இருந்தது, பதிவு எண் இருந்தது, ஆஸ்பத்திரிதோறும் இத்தனை நர்ஸ் வேண்டும் என்று பணியிடம் வந்தது, சங்கம் வந்தது. சங்கத்துக்காரர்கள் வெயிலில் உட்கார்ந்து கோஷம் போட்டார்கள். நானும் உட்கார்ந்தேன்; உன்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்த படம் ஒன்றுகூட இருந்தது. இவ்வளவும் வந்த பிறகுதான் மரியாதை வந்தது. முதலில் மரியாதை வரட்டும், பிறகு சங்கம் பார்க்கலாம் என்று இருந்திருந்தால் நாங்கள் இன்னும் டீச்சர் என்று பொய் சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்போம்.

உன் களைப்பு எனக்குத் தெரியாமல் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிகளைத் தாண்டி மாவட்டத்திலும் தாலுகாவிலும் உங்கள் ஆட்களுக்கு ஒரு பணியிடம் வேண்டும், படிக்காதவர்கள் கடை போட்டுச் செயற்கைக் காலை மாட்டிவிடுவதைத் தடுக்க வேண்டும் என்று நீங்கள் கொடுத்த மனு, ஏதோ ஒரு மேசையில் சிறுதொழில் பக்கம் திருப்பிவிடப்பட்டதாகச் சொன்னாய். செயற்கைக் கால் என்றதும் நாற்காலிக்கு மாட்டுகிற கால் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. நீ அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். போனை வைத்த பிறகு நான் சிரிக்கவில்லை. சில காயத்துக்கு மேலே தோல் மூடியிருக்கும், உள்ளே ஆறியிருக்காது. அதெல்லாம் பார்த்துப் பழகிய கண் என்னுடையது.

இருந்தாலும் "டாக்டர்" வேண்டாம் என்று நான் நின்றதற்குப் பெரிய காரணம் மாடசாமி அண்ணன்தான். ஆலங்குளத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் கால் விரல்கள் போய், வெளியூரில் ஏதோ ஒரு கடையில் பூட்ஸ் மாதிரி ஒன்றை வாங்கி மாட்டியிருந்தார். கடை போர்டில் டாக்டர் என்று எழுதியிருந்ததாம். உள்ளே புண் வந்தபோதும் அந்தக் கடைக்குத்தான் போய்ப் போய்க் காட்டியிருக்கிறார். "சரியாப் போயிரும், பஞ்சு வச்சுக் கட்டுங்க" என்று அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் வார்டுக்கு வந்தபோது நாற்றம் வாசலுக்கே வந்தது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. நான் ஆத்திரத்தில், இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று சத்தம் போட்டேன். "டாக்டர்ட்டதானம்மா காட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

அந்தப் பொங்கலுக்கு நீ வந்திருந்தாய். அவரை வந்து பார் என்று உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டிலில் இருந்தபடியே உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டு, காலைக் காட்டி, "தம்பி, இந்த எடத்துல இன்னும் நீர் கசியுது, என்ன மாத்திரை போடட்டும்?" என்று கேட்டார். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. "இதுக்கு மருந்து சொல்ற ஆளு நான் இல்லண்ணே. அதுக்கு டாக்டர் இருக்காங்க, அவங்க சொல்றதக் கேளுங்க. புண்ணு நல்லா ஆறி, வீக்கம் வத்துன பொறவு கூப்பிடுங்க. அதுக்கு மேல ஒங்க கால் எம் பொறுப்பு" என்றாய். சொன்னபடி வந்து அளவெடுத்தாய். இன்று அவர் நடந்து போய்ப் பால் வாங்கி வருகிறார். அவர் நடந்ததில் எனக்குச் சந்தோஷம். ஆனால் நீ எனக்குப் பெருமையாகத் தெரிந்தது அதற்கு முன்னால், "அந்த ஆளு நான் இல்ல" என்று சொன்ன இடத்தில். என் சர்வீஸில் அப்படிச் சொல்லத் தெரிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டு நேற்று மத்தியானம் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். கையில் நம் வீட்டுச் சப்பட்டை மாம்பழம். கோபமாகப் போகும்போதும் வெறுங்கையோடு போகக் கூடாதல்லவா. செண்பகத்தோப்பு போகிற ரோட்டில் இருக்கிறது பெண் வீடு. சம்பந்தி ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது உனக்குத் தெரியும். வாசல் செடிகள்கூட அணிவகுப்பு மாதிரி ஒரே உயரத்தில் இருக்கும். பழத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, நான் ஆரம்பிப்பதற்கு முன்னால் அவரே ஆரம்பித்தார்.

"தங்கச்சி, பத்திரிகைய நிறுத்திட்டியளாமே. இதுல என்ன இருக்கு? மாப்பிள்ள வெள்ளக் கோட்டு போடுதாரு, ஆஸ்பத்திரியில இருக்காரு, நோயாளியத் தொட்டு வேல பாக்காரு. படிப்பப் போடுங்க, பி.பி.ஓ.ன்னு போட்டாப் போதும்னு நீங்க சொல்லுதிய. அதப் பாத்துட்டு எம் மச்சினன் போன்ல பேசுற கம்பெனியான்னு கேக்கான். நான் எம்புட்டு பேருக்கு வெளக்கஞ் சொல்ல?"

"அண்ணே, நீங்க சுபேதாரா இருந்தவுக. பத்திரிகையில கேப்டன்னு போட்டுக்கிடுவிகளா?" என்று கேட்டேன். பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்த கேள்வி அது. கேட்டதும் அவர் முகம் இறுகிவிட்டது. தங்கச்சி போய்ச் சம்பந்தியம்மா ஆகிவிட்டேன்.

"அவர மட்டம் தட்டவா அப்படிப் போடச் சொன்னேன், சம்பந்தியம்மா? ஒங்களுக்குத் தெரியாது. எங்கூட இருந்தவன் அந்தோணி, வத்திராயிருப்புக்காரன். கண்ணிவெடியில கால் போயிருச்சு. புனே மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாக. நாந்தான் கூட இருந்தேன். சோறு எறங்கல அவனுக்கு. செத்துப் போறேன், செத்துப் போறேன்னே கெடந்தான். அங்க ஒருத்தர் வருவாரு. இவனுக்கு அவரு பாஷை அரைகொறை. பக்கத்துல உக்காந்து, வெட்டுப்பட்ட எடத்தத் தொட்டுத் தொட்டுப் பாத்து, மாவுக்கட்டு மாதிரி சுத்தி அளவெடுத்து, ஒரு காலச் செஞ்சு கொண்டாந்து மாட்டுனாரு. வலிக்குன்னான். கழத்திக்கிட்டுப் போயி எழைச்சுக் கொண்டாந்தாரு. மறுக்க வலிக்குன்னான். மறுக்கவும் கொண்டு போனாரு. ஒரு நாளு கம்பியப் புடிச்சுக்கிட்டு அவன் நடந்தான் பாருங்க, நான் பொறத்தால நின்னு அழுதேன். ஒங்க மகன் அந்த வேல செய்யுதாருன்னு தரகர் சொன்ன ஒடனே, ஜாதகத்தப் பொறவு பாப்போம்னுட்டேன். எனக்கு அவிய டாக்டருக்கும் மேல."

நான் சண்டை போடப் போனவள். உன் வேலையைப் பற்றி வெட்கப்பட்டு அதை மூடி மறைக்கிறார் என்று நினைத்திருந்தேன். என் மாமனாரை மனசில் வைத்துக்கொண்டு இவரிடம் பேசிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. வேறு என்ன பேசுவது என்று தெரியாமல், "அந்தப் புனேக்காரர் பேரு என்னண்ணே?" என்று கேட்டேன்.

"டாக்டர் சாப்னுதான் கூப்பிடுவோம்."

"டாக்டரா அவரு?"

அவர் நினைவைத் துழாவினார். அந்த வார்டின் ஜன்னலுக்கு வெளியே இருந்த மரம் அவருக்கு ஞாபகம் இருக்கிறது, அன்று பெய்த மழை ஞாபகம் இருக்கிறது, அந்தோணி முதலில் கேட்டுச் சாப்பிட்டது என்ன என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. அந்த மனிதர் பெயர் மட்டும் ஞாபகம் இல்லை. போனை எடுத்து அந்தோணிக்கே போட்டார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். எனக்கும் எல்லாம் கேட்டது.

"ஏலே அந்தோணி, புனேயில ஒனக்குக் கால் போட்டாரே, அவரு யாருலே?"

"குல்கர்ணி. ஏம்ல திடீர்னு?"

"டாக்டரா அவரு?"

"இல்லலே. ப்ராஸ்தெட்டிஸ்ட், கை கால் செஞ்சு மாட்டுறவரு. எம்புட்டு வாட்டி சொல்லியிருக்காரு, என்ன டாக்டர்னு கூப்பிடாதியன்னு. நீ எங்க காதுல வாங்குன? வெறப்பா நின்னு சல்யூட் அடிச்சுக்கிட்டே இருப்ப."

"ஒனக்கு மட்டும் எப்படிலே பேரு ஞாபகம் இருக்கு?"

"தெனமும் காலையில காலை மாட்டுறவன் நான்லே. மறக்குமா?"

போனை வைத்துவிட்டு சம்பந்தி கையைப் பிசைந்துகொண்டிருந்தார். "இந்தக் கதைய நான் எத்தன பேருட்டச் சொல்லியிருப்பேன் தங்கச்சி. கேட்டுட்டு எல்லாரும் 'மிலிட்டரி டாக்டர்னா சும்மாவா'ன்னு சொல்லிட்டுப் போவாக. நானும் ஆமா ஆமான்னு தலைய ஆட்டுவேன். அந்த மனுசன் செஞ்சதுக்கு வேற எவனுக்கோ பேரு வாங்கிக் குடுத்திருக்கேன்" என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தில் எனக்கே கண் கலங்கிவிட்டது. உங்கள் மனுவில் எழுதியிருப்பதும் இதுதானே தம்பி? செய்தவன் ஒருத்தன், பெயர் இன்னொருத்தனுக்கு என்பதுதானே? நீங்கள் பக்கம் பக்கமாக எழுதியும் ஒரு மேசைக்குப் புரியாதது, ரிட்டையர் ஆன ஒரு சுபேதாருக்கு ஒரு போனில் புரிந்துவிட்டது. புரியவே புரியாது என்று நீ கையை உதறுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதோடு முடிந்தது என்று நான் எழுந்திருக்கப் போனேன். அவர் விடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புரூஃபை எடுத்து வைத்துக்கொண்டு, "சரி, டாக்டரை அடிச்சிருவோம். அந்த எடத்துல என்ன போட? சரியான பேரு சொல்லுங்க, இப்பவே அச்சகத்துக்குச் சொல்லிருதேன்" என்றார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விவரிக்கத் தெரியும். உறுப்பு இழந்தவர்களுக்கு அளவெடுத்துச் செயற்கைக் கை கால் பொருத்துவான், வளைந்த முதுகுக்கும் சூம்பின காலுக்கும் தாங்கு பட்டை செய்து போட்டு நிமிர்த்துவான், அதற்கென்றே வருஷக் கணக்கில் படித்துப் பதிவு எண் வாங்கியவன் என்று சொன்னேன். "அம்புட்டும் போட எடம் இல்லையே" என்றார். அந்தோணி சொன்ன இங்கிலீஷ் வார்த்தையைப் போட்டால் அதில் கை கால் பொருத்துகிற பாதிதான் வருகிறது, தாங்கு பட்டை போடுகிற மீதிப் பாதிக்கு இன்னொரு நீளமான வார்த்தை வேண்டும். ஆஸ்பத்திரி போர்டில் இருக்கிற "முடநீக்கு" என்ற சொல்லைச் சொன்னேன். சொன்ன பிறகுதான், அந்தச் சொல்லைக் கண்டாலே உனக்குப் பிடிக்காது, வருகிறவன் முகத்தில் அறைகிற மாதிரி இருக்கிறது என்று நீ சண்டை போடுவது ஞாபகம் வந்தது. யார் கேட்டாலும் "ஆஸ்பத்திரியில இருக்கான்" என்றே சொல்லிச் சமாளித்து வந்திருக்கிறேன் போல. இரண்டு பேரும் நறுக்கி வந்த மாம்பழத் தட்டுக்கு முன்னால் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அந்த நேரத்தில்தான் கல்யாணப் பெண் பவித்ரா, கிருஷ்ணன்கோவிலில் இருந்து காலேஜ் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பாடம் எடுத்து எடுத்துத் தொண்டை கட்டியிருந்தது. வாங்க அத்தை என்று சொல்லிவிட்டு, நாங்கள் என்ன பேசுகிறோம் என்று கேட்டுக்கொண்டாள். அவள் அப்பா நடந்ததைச் சொன்னார், நீ போட்டுத் தொலைங்க என்று எழுதியதை நான் சொன்னேன். தோள் பையைக்கூட இறக்காமல் பவித்ரா என்னிடம் சொன்னாள்.

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எங்க ரெண்டு பேரையும் மாடிக்கு அனுப்பி பேசச் சொன்னீங்கள்ல அத்தை. எங்கிட்ட என்ன சப்ஜெக்ட் எடுக்கீங்கன்னு ஒரு கேள்வி கேட்டாரு. பொறவு முழுக்க அவரு வேலையத்தான் பேசுனாரு. வெட்டுப்பட்ட கால் உள்ள உக்காருற கிண்ணம், அது எங்க அழுத்தணும், எங்க அழுத்தக் கூடாதுன்னு. மாடிச் சொவத்துல வெரலால படம்லாம் போட்டாரு. பாதி எனக்குப் புரியல. ஆனா தன் வேலைய இம்புட்டு ஆசையாப் பேசுற ஆளு போதும்னு நெனச்சுத்தான் கீழ எறங்கி வந்து சரின்னேன். எனக்கு டாக்டர் மாப்பிள்ள வேணும்னா அன்னைக்கே சொல்லியிருப்பேன்ல. இப்போ அந்த ஆளே போட்டுத் தொலைங்கங்காரு."

இதைச் சொல்லிவிட்டு முகம் கழுவ உள்ளே போய்விட்டாள். கோபம் இல்லை, மனசு விட்டுப்போன மாதிரி இருந்தது. அவளுக்கு இன்றைக்கே ஒரு போன் போடு. என்ன பேச வேண்டும் என்று நான் சொல்லித் தர மாட்டேன். சுவரில் படம் போட்டுப் பேசத் தெரிந்தவனுக்கு அது தெரியாமல் போகாது. சென்னைக்குப் போகிற விஷயத்தையும் அவளிடமே பேசு. அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் அவள் வாயால் கேள்.

நான் கிளம்பும்போது சம்பந்தி வாசல்வரை வந்து அச்சகத்துக்குப் போன் போட்டார். டாக்டரை எடுத்துவிடு, பெயருக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டுவை, நீளமாக வந்தால் எழுத்தைச் சின்னதாக்கு, அதற்கும் இடம் போதவில்லை என்றால் என் பெயருக்குப் பின்னால் இருக்கிற "சுபேதார் (ஓய்வு)" என்பதை எடுத்துவிடு என்றார். அந்த மனிதர் தன் வாழ்நாள் சம்பாத்தியத்தை உனக்காக இறக்கி வைக்கிறார் தம்பி. அதை எடுக்க வைத்துவிடாதே, அளவாக எழுது.

அந்த வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. உன்னைப் பெற்றவளுக்கும் அதை நிரப்பத் தெரியவில்லை, பெண் கொடுப்பவருக்கும் தெரியவில்லை. எங்களுக்குத் தெரியாததை அரசாங்கம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எப்படி எதிர்பார்க்க? முகம் தெரியாத அதிகாரிகளுக்கெல்லாம் நீ யார் என்று இத்தனை வருஷம் மனு எழுதினாய். எங்களுக்கு எழுதவே இல்லை. நாளைக் காலைக்குள் நல்ல தமிழில் எழுதி அனுப்பு. மண்டபத்தில் யாராவது என் கையைப் பிடித்து, மகன் என்ன செய்கிறான் என்று கேட்டால், நான் நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

அம்மா